ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும்

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன.
திருமலை வீதியில் அந்த லீசிங் கம்பனி,
டிலுக்சனுக்கு ஒன்பது மணி,
எனக்குப் பதினொன்றரை.
வெள்ளைச் சேட்டு மட்டும்
எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கல்லடி அறையில் ஸ்திரிக்கைப் பெட்டி
போன மாதமே சூட்டை விட்டுவிட்டது.
சட்டியின் அடிக்கரியை விம் போட்டு உரஞ்சி,
கொதிதண்ணி நிரப்பி,
துவாய் விரித்து அழுத்தினோம்.
முதுகு சுருங்கித்தான் கிடந்தது.
“முதுகைக் காட்டாம எழும்பி வா மச்சான்” என்றேன்.
அவன் இரவு பத்து மணிக்கு
பின்னாலேயே நடந்து கதவைத் திறந்து பழகினான்.

முதல் நாளே சலூனுக்குப் போயிருந்தோம்.
சித்திரைக்குப் பூசின செம்பட்டையைக் கறுப்பாக்க
அவனிடம் எழுநூறு ரூபாய் வாங்கினார் புலேந்திரன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
கண்ணாடியில் ஒருக்கால் பார்த்துவிட்டு
என் கிருதாவையும் சும்மா குறைத்துவிட்டார்.

மேலிருந்து இரண்டாவது பொத்தான்
அன்றிரவுதான் கழன்றது.
நுளம்பு வலை தைத்து மிஞ்சின நீல நூல் இருந்தது,
வேறு நூல் இல்லை.
டை மறைக்கும் என்று தைத்தேன்.
மறுகாதான் நினைவு வந்தது,
எங்களிடம் டை இல்லை.

சப்பாத்து என்னுடையது, ஒன்பதாம் நம்பர்.
அவன் கால் ஏழு.
மரண அறிவித்தல் பக்கத்தைக் கசக்கி
முன்னுக்கு அடைத்துக்கொண்டு போனான்.

பத்தேகாலுக்கு பஸ் நிலையக் கழிவறை வாசலில் சந்தித்தோம்.
ஒரு கதவுக்குள் இரண்டு பேர் நுழைவதைப் பார்த்து
காசு வாங்குகிறவர் வாயைத் திறந்தார்.
டீசேட்டோடு போன நான் வெள்ளைச் சேட்டோடும்
வெள்ளைச் சேட்டோடு போன அவன் டீசேட்டோடும் வெளியே வர,
வாயை மூடி
நாற்பது ரூபாயை எண்ணி எடுத்தார்.

சேட்டு அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.
அக்குள் இரண்டும் ஈரம்.
“உள்ளுக்க ஏசி இல்லையா?”
“இருந்திச்சு. எனக்குத்தான் வேர்த்திச்சு.”

வாவிக்கரைக்கு நடந்தேன்.
கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது,
தூசியும் சூடுமாக.
அதற்கு முன்னால்
இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றேன்.
சைக்கிளில் வந்த ஒருவர்,
அப்பாவின் வயது இருக்கும்,
மெதுவாக்கி ஒரு காலை ஊன்றினார்.
என்னைப் பார்க்கவில்லை.
என்னைக் கையைத் தூக்கச் சொன்னது யார் என்று
நாலு பக்கமும் பார்த்தார்.
“சேட்டுக் காயுது அண்ணன்” என்றேன்.
சிரிக்கவில்லை. மிதித்துப் போனார்.
காயும் வரை நின்றுவிட்டுத்தான் கையை இறக்கினேன்.

உள்ளே மூன்று பேர்.
நடுவில் இருந்த மிஸ் என் சான்றிதழைப் புரட்டி,
பிறகு என் நெஞ்சைப் பார்த்து,
காலையில் எழுதின தாள் ஒன்றைக் கீழிருந்து இழுத்தார்.
மற்ற இருவரும் கேட்டதெல்லாம் மறந்து போச்சு,
கடன் வாங்கினவன் வீட்டுக்குப் போனால்
எப்படிக் கதைப்பாய் என்றது மட்டும் நினைவு.
கடைசியில் அவர்:
“இந்தப் பொத்தானைத் தைச்சது யாரு?”
“நான்தான் மிஸ்.”
ஏதோ எழுதினார். சின்னதாக, ஒரு வரி.
போகலாம் என்றார்கள்.
நான் பின்னாலேயே நடந்து வந்ததில்
கதவுப் பிடி இடுப்பில் இடித்தது.

வெளியே, ஏடிஎம் நிழலில், செருப்போடு டிலுக்சன்.
“பொத்தானைக் கேட்டாவா?”
“ஓம். உன்னட்டயுமா?”
“கூட்டாளி தைச்சதெண்டன்.”
இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
அது நல்லதா கெட்டதா என்று
மணிக்கூட்டுக் கோபுரம் வரை யோசித்து,
பாலத்தில் திரும்ப யோசித்து,
நடுப்பாலத்தில் அவன் சொன்னான்:
“சப்பாத்துக்குள்ள கிடந்த பேப்பர எடுத்தனியா?”

எடுக்கவில்லை.
ஒரு மணித்தியாலமாய் என் விரல்கள் ஏன் மடங்கிக் கிடந்தன என்று
அப்போதுதான் தெரிந்தது.